வெயில் அடிக்கும் நாளில் பனி ஏன் சரிகிறது?

2024 ஜனவரி நடுவில் குல்மார்க் புல்வெளி பழுப்பாகக் கிடந்தது. சில்லை கலான் என்று காஷ்மீரிகள் சொல்லும் 40 நாள் கடுங்குளிர்காலம் டிசம்பர் 21-இல் தொடங்கி ஜனவரி கடைசி வரை நீளும். அந்த நாட்களில்தான் அங்கே பனி கொட்டிச் சேர வேண்டும். அந்த வருஷம் சேரவில்லை. சுற்றுலா வந்தவர்கள் ஏமாற்றத்தோடு திரும்பினார்கள். ஜனவரி கடைசியில்தான் பனி விழத் தொடங்கியது. பிப்ரவரி மூன்றாவது வாரத்தில் நாள் கணக்கில் கொட்டியது. எல்லோரும் மகிழ்ந்தார்கள். பிப்ரவரி 22 அன்று, குல்மார்க்குக்கு மேலே உள்ள அபர்வத் மலையில், பராமரிக்கப்படும் தடங்களை விட்டு வெளியே சறுக்கப் போன ஒரு குழுவைப் பனிச்சரிவு அடித்துக்கொண்டு போனது. ரஷ்யாவிலிருந்து வந்திருந்த ஒருவர் இறந்தார். உடன் இருந்தவர்களை மீட்டார்கள்.

அதற்கு முந்தைய வருஷம், 2023 பிப்ரவரி 1 அன்று, அதே மலையில் போலந்து நாட்டவர் இருவர் இறந்தார்கள். 19 வெளிநாட்டவரையும் உள்ளூர் கைடுகள் இருவரையும் மீட்டார்கள்.

இரண்டு முறையும் செய்திகளில் வந்த விளக்கம் 'கடும் பனிப்பொழிவு'. அது பாதி விளக்கம்தான். அதே பனி, அதே இரவில், அந்த வட்டாரத்தின் நூற்றுக்கணக்கான சரிவுகளில் விழுந்திருக்கும். பெரும்பாலானவை அசையாமல் நின்றன. சில மட்டும் விட்டுப்போயின. எது நிற்கும், எது விடும் என்பதை நேற்று விழுந்த பனியை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அந்தக் குளிர்காலத்தின் முதல் பனி எப்போது விழுந்தது, அதன்பின் எத்தனை நாள் வறட்சி, எத்தனை இரவு வானம் தெளிவாக இருந்தது, காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று முழு வரலாறும் தெரிய வேண்டும். குறைவாகப் பனி விழுந்த வருஷம்தான் கூடுதல் கவலை தர வேண்டிய வருஷம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது முக்கியமாக அதைத்தான்.

மெல்லிய பனிக்குள் நடப்பது

மலையில் கிடக்கும் பனி ஒரே கட்டியாக இருப்பதில்லை. ஒவ்வொரு பனிப்பொழிவும் ஒரு அடுக்கு. இடையில் வெயில் பட்டு மேற்பரப்பு உருகி, இரவில் மறுபடி உறைந்தால் அது இன்னொரு அடுக்கு. காற்று அள்ளிக் கொண்டுவந்து இறுக்கியது வேறொரு அடுக்கு. பிப்ரவரியில் ஒரு குழி தோண்டிப் பார்த்தால் நவம்பரிலிருந்து நடந்ததெல்லாம் வரிசையாகத் தெரியும்.

விழுந்த பிறகும் அந்த அடுக்குகள் மாறிக்கொண்டே இருக்கும். பனி மூடிய நிலத்தின் வெப்பநிலை பொதுவாக 0 டிகிரியை ஒட்டியே இருக்கும். நிலத்துக்குள் தங்கியிருக்கும் சூடு மேலே வரும், பனி அதைப் போர்த்தி வைத்திருக்கும். மேற்பரப்போ இரவில் வானத்துக்குச் சூட்டை இழந்து மைனஸ் 15 டிகிரிக்கும் போகும். அடியில் 0, மேலே மைனஸ் 15. இந்த இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு பனி இருக்கிறது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

பனி 2 மீட்டர் கனம் என்று வைத்துக்கொள்வோம். 15 டிகிரி வேறுபாடு 200 சென்டிமீட்டரில் பரவுகிறது. ஒவ்வொரு 10 சென்டிமீட்டருக்கும் முக்கால் டிகிரிதான் மாறும். இந்த நிலையில் பனித்துகள்கள் மெல்ல உருண்டு, ஒன்றோடொன்று ஒட்டிப் பிணைந்து, நாளாக நாளாக உறுதியாகும். இப்போது பனி 30 சென்டிமீட்டர்தான் என்று வைத்துக்கொள்வோம். அதே 15 டிகிரி, ஒவ்வொரு 10 சென்டிமீட்டருக்கும் 5 டிகிரியாக மாறும். பனியியலாளர்கள் 10 சென்டிமீட்டருக்கு 1 டிகிரி என்பதைத் தோராயமான எல்லையாகச் சொல்வார்கள். அதைத் தாண்டினால் அடியில் உள்ள பனி ஆவியாகி மேல்நோக்கி நகர்ந்து, வழியில் உள்ள துகள்கள் மேல் மறுபடி படிகிறது. துகள்கள் கூர்மையான முனைகளும் தட்டையான முகங்களும் கொண்ட படிகங்களாக வளர்கின்றன. ஒவ்வொரு படிகமும் பெரிதாகும், ஆனால் பக்கத்துப் படிகத்தோடு ஒட்டாது. கையில் அள்ளினால் அஸ்கா சர்க்கரை மாதிரி விரலிடுக்கில் உதிரும். உருண்டை பிடிக்கவே முடியாது.

வறண்ட, குளிர்ந்த, தெளிவான வானம் உள்ள ஒரு ஜனவரி இந்தப் பனியை உற்பத்தி செய்வதற்கென்றே அமைந்தது. சமவெளியில் புல் தெரிந்துகொண்டிருக்கும் அதே நாட்களில், 3,500 மீட்டருக்கு மேலே வடக்குப் பார்த்த பள்ளங்களில் முன்பு விழுந்த கொஞ்சம் பனி வெயில் படாமல் மிச்சம் இருக்கும். அது வாரக்கணக்கில் இப்படி உதிரியாகிக்கொண்டிருக்கும். கீழேயிருந்து பார்க்கிறவர்களுக்கு 'பனியே இல்லை, ஆபத்தும் இல்லை' என்றுதான் தோன்றும்.

அப்புறம் மத்தியதரைக் கடல் பக்கமிருந்து மேற்கத்திய இடையூறு எனப்படும் தாழ்வழுத்த அமைப்பு ஒன்று வந்து, மூன்று நான்கு நாளில் ஒரு மீட்டர் பனியைக் கொட்டிவிட்டுப் போகும். உதிரிப் பனி மேல் கனமான பனி. அடித்தளம் இல்லாத இடத்தில் ஒரே வாரத்தில் மாடி கட்டியாகிவிடுகிறது.

பலவீனமான அடுக்கு அடியில் மட்டும்தான் இருக்கும் என்றில்லை. காற்றில்லாத, தெளிந்த இரவுகளில் பனியின் மேற்பரப்பில் மெல்லிய இறகு வடிவப் படிகங்கள் முளைக்கும். காலை வெயிலில் அவை மின்னுவதைப் படமெடுக்காதவர்கள் குறைவு. அடுத்த பனிப்பொழிவு அவற்றை நசுக்காமல் மூடிவிட்டால், சில மில்லிமீட்டர் கனத்தில் ஒரு வழுக்கும் இடைவெளி உள்ளே புதைந்துவிடும். மேலேயிருந்து பார்த்தால் அதற்கு ஒரு தடயமும் இருக்காது. வாரக்கணக்கில், சில இடங்களில் மாதக்கணக்கில்கூட, அது அப்படியே காத்திருக்கும்.

பலகையாக விடும் பனி

பனிச்சரிவு என்றதும் நம் மனதில் வருவது மேலேயிருந்து உருண்டு வரும் பெரிய பனிப்பந்து, அல்லது யாரோ கத்தியதால் இடிந்து விழும் மலை. கத்துவதால் பனி சரிவதில்லை, குரலின் அழுத்தம் அதற்குப் போதாது. மலையேறுபவர்களையும் பனிச்சறுக்குவோரையும் பெரும்பாலும் கொல்வது பலகைப் பனிச்சரிவு. இறுகிய மேல் அடுக்கு ஒன்று, ஒரு முழுப் பலகையாக, அடியிலுள்ள பலவீனமான அடுக்கிலிருந்து கழன்று வருகிறது.

இந்தப் பலகையைச் செய்வதில் பனிப்பொழிவைவிடக் காற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. முகட்டின் ஒரு பக்கத்திலிருந்து பனியை அள்ளி மறுபக்கத்தில் கொட்டுகிற காற்று, வானத்திலிருந்து விழுவதைப்போல் பல மடங்கு வேகத்தில் ஒரு சரிவில் பனியைச் சேர்க்கும். மேற்கிலிருந்து காற்று அடித்தால் முகட்டின் கிழக்குப் பக்கம் கனக்கும். வானிலை நிலையத்தில் 20 சென்டிமீட்டர் பதிவாகியிருக்கலாம். அந்தக் கிழக்குச் சரிவின் மேல்விளிம்பில் ஒன்றரை மீட்டர் கிடக்கலாம். காற்றில் அடிபட்டு நொறுங்கிய துகள்கள் நெருக்கமாகப் படிவதால் அந்தப் பனி கெட்டியாக இருக்கும், காலடி அதிகம் புதையாது. பழக்கமில்லாதவருக்கு அது உறுதியான தரையாகத் தோன்றும். உண்மையில் அதுதான் பலகை.

அதன் மேல் ஒருவர் நடக்கிறார், அல்லது சறுக்குகிறார். அவருடைய எடை பனிக்குள் ஏறத்தாழ ஒரு மீட்டர் வரை உணரப்படும். அந்த ஆழத்துக்குள் பலவீனமான அடுக்கு இருந்தால், காலுக்கு நேர் கீழே அது நொறுங்கி அமுங்கும். அமுங்கிய இடத்துக்கு மேலிருக்கும் பலகை சற்றே வளைந்து, பக்கத்துப் படிகங்களையும் நொறுக்கும். அது அடுத்ததை நொறுக்கும். முறிவு பனிக்கடியில் நொடிக்குப் பல மீட்டர் வேகத்தில் நாலாபக்கமும் ஓடும். சமதளமாக இருந்தால் 'வும்' என்று ஒரு அடங்கிய சத்தத்தோடு தரை இறங்குவதை உணரலாம், அவ்வளவுதான். சரிவு 30 டிகிரிக்கு மேல் இருந்தால் பலகை நழுவத் தொடங்கும். மேல்விளிம்பில் ஒரு நேர்கோட்டு வெடிப்பு தெரியும். அந்த வெடிப்பு பெரும்பாலும் நமக்கு மேலே, எட்டாத தூரத்தில் விழுந்திருக்கும். உலர்ந்த பனிப்பலகை சில நொடிகளிலேயே மணிக்கு 100 கிலோமீட்டரை நெருங்கிவிடும்.

30 முதல் 45 டிகிரி வரை என்பது கவனிக்க வேண்டிய எண். அதைவிடச் செங்குத்தான இடங்களில் பனி தங்காமல் அவ்வப்போது கொட்டிவிடும். அதைவிடத் தட்டையான இடத்தில் பலகை நழுவாது. அதிக விபத்துகள் 38 டிகிரியை ஒட்டி நடக்கின்றன. சறுக்குவதற்கு மிக இன்பமான சரிவும் அதுவேதான். தட்டையான இடத்தில் நின்றால் தப்பலாம் என்பதும் முழு உண்மையில்லை. அடிவாரத்தில் நடக்கும் ஒருவரின் காலடியில் தொடங்கிய முறிவு மேல்நோக்கி ஓடி, அவருக்கு மேலேயுள்ள சரிவை அவர் மேலேயே இறக்கிவிடலாம்.

அதனால்தான் உயிரிழப்பில் முடியும் விபத்துகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்பதில், பனியை அவிழ்த்துவிட்டவர் பாதிக்கப்பட்டவரே, அல்லது அவருடன் வந்தவர். இதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. இதில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. ஆபத்து நம் காலடியில் தொடங்குகிறது என்றால், எங்கே கால் வைப்பது என்ற முடிவும் நம்மிடம்தான் இருக்கிறது. நிலநடுக்கத்தில் நமக்கு அந்த வாய்ப்பு கிடைப்பதில்லை.

'முன்னாடி பத்து பேர் போன தடம் இருக்கிறதே, ஒன்றும் ஆகவில்லையே' என்ற வாதம் இந்த இடத்தில் உடைகிறது. பலகையின் கனம் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்காது. ஒரு பாறையை ஒட்டி, அல்லது பள்ளத்தின் விளிம்பில், அது மெலிந்திருக்கும். அங்கே பலவீனமான அடுக்கு காலுக்குப் பக்கத்தில் வந்துவிடும். பத்துப் பேர் கனமான பகுதியில் போயிருப்பார்கள். பதினோராவது ஆள் இரண்டு மீட்டர் தள்ளிப் போய் அந்த மெலிந்த இடத்தை மிதித்தால் முழுச் சரிவும் விடும்.

எல்லாப் பனிச்சரிவும் இப்படிப் பலகையாக வருவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வசந்தத்தில் பகல் வெயிலில் பனி நனைந்து, கனத்து, மெதுவாக நழுவும் ஈரச்சரிவு வேறு வகை. 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினின் சோனம் காவல் நிலையில் 10 வீரர்களைப் புதைத்தது பனிக்கட்டிச் சுவர் ஒன்றின் இடிவு. அவர்கள் 19-ஆவது மெட்ராஸ் படைப்பிரிவைச் சேர்ந்தவர்கள். வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி என நால்வர் தமிழ்நாட்டவர். அவர்கள் செய்த எதனாலும் அது நடக்கவில்லை. ஆறு நாளுக்குப் பிறகு சுமார் 25 அடி ஆழத்திலிருந்து லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா கொப்பத் உயிரோடு எடுக்கப்பட்டார். நாடே அவருக்காகப் பிரார்த்தித்தது. பிப்ரவரி 11 அன்று அவரும் இறந்தார்.

நிமிடங்கள்

ஹனுமந்தப்பா ஆறு நாள் உயிரோடு இருந்தது மிக அபூர்வம். சுவிட்சர்லாந்தின் 40 ஆண்டுப் பதிவுகளை ஆராய்ந்து 2024-இல் வெளியான ஆய்வு சொல்வது இது: முழுதாகப் புதைந்தவர்களை முதல் 10 நிமிடத்துக்குள் எடுத்துவிட்டால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பிழைக்கிறார்கள். அரை மணி நேரம் ஆகிவிட்டால் மூன்றில் ஒருவர்தான். நின்றுபோன பனி உடனே இறுகிவிடும். விரலைக்கூட அசைக்க முடியாது. விட்ட மூச்சே முகத்துக்கு முன்னால் உறைந்து ஒரு மூடியாகிவிடும். பெரும்பாலானோர் இறப்பது மூச்சுத் திணறித்தான், குளிரால் அல்ல.

2025 பிப்ரவரி 28 அன்று, பத்ரிநாத்துக்கு அப்பால் உள்ள மாணா கிராமத்தை ஒட்டிய சாலைப் பணி முகாமைப் பனிச்சரிவு மூடியது. அங்கே இருந்த 54 தொழிலாளர்களில் 46 பேரைக் காப்பாற்ற முடிந்தது. பலர் இரும்புக் கன்டெய்னர்களுக்குள் இருந்தார்கள். பனி உள்ளே நுழையாததால் மூச்சுவிடக் காற்று மிஞ்சியது. திறந்த சரிவில் புதைகிற பனிச்சறுக்குவீரருக்கு அந்தச் சுவர் இல்லை.

பத்து நிமிடத்துக்குள் ஹெலிகாப்டர் வராது. ராணுவமும் வராது, காவல்துறையும் வராது. உடன் வந்தவர்கள்தான் எடுக்க வேண்டும். அதற்கு ஒவ்வொருவர் உடம்பிலும் 457 கிலோஹெர்ட்ஸில் சமிக்ஞை அனுப்பும் ட்ரான்ஸீவர் இருக்க வேண்டும், பையில் மடக்கும் ப்ரோப் கம்பியும் உலோக மண்வாரியும் இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் மற்ற இரண்டால் பெரிய பயனில்லை. சமிக்ஞை இடத்தைக் காட்டும், கம்பி ஆழத்தைக் காட்டும், மண்வாரி இல்லாமல் இறுகிய பனியைக் கையால் தோண்ட முடியாது. சரிவைக் கடக்கும்போது ஒருவர் பின் ஒருவராக, இடைவெளி விட்டுப் போகச் சொல்வதும் இதற்காகத்தான். ஒருவர் புதைந்தால் தோண்ட மற்றவர்கள் வெளியே இருக்க வேண்டும்.

இந்த இடத்தில் 2022 அக்டோபர் 4-ஐ நினைக்காமல் இருக்க முடியவில்லை. உத்தரகாசியின் நேரு மலையேற்ற நிறுவனத்தின் உயர்நிலைப் பயிற்சிக் குழு, 5,670 மீட்டர் உயரமுள்ள திரௌபதி கா தண்டா சிகரத்துப் பகுதியில் பனிச்சரிவில் சிக்கியது. 27 உடல்கள் கிடைத்தன, இருவர் கிடைக்கவே இல்லை. இறந்தவர்களில் பயிற்றுநர் சவிதா கன்ஸ்வாலும் ஒருவர். அதே ஆண்டு மே மாதம் 16 நாள் இடைவெளியில் எவரெஸ்டையும் மகாலுவையும் ஏறியவர் அவர். அக்டோபர் குளிர்காலம்கூட இல்லை. ஆனால் பருவமழை முடியும் வாரங்களில் கீழே மழையாகப் பெய்வது அந்த உயரத்தில் புதுப்பனியாகச் சேரும். மலையேறும் திறமை எவ்வளவு இருந்தாலும், ஒரே சரிவில் இத்தனை பேர் ஒன்றாக இருக்கும்போது அது விட்டால், தோண்டுவதற்குப் போதிய கைகள் வெளியே இருக்காது.

ஆபத்து எண்ணில் என்ன இருக்கிறது

உலகம் முழுக்க இப்போது பனிச்சரிவு ஆபத்தை 1 முதல் 5 வரை ஐந்து நிலைகளில் சொல்கிறார்கள். ஐரோப்பிய நாடுகள் 1993-இல் இந்தப் பொது அளவுகோலுக்கு ஒப்புக்கொண்டன. இந்தியாவில் இந்த எச்சரிக்கைகளைத் தயாரிப்பது டிஆர்டிஓ-வின் கீழ் இயங்கும் டிஜிஆர்இ என்ற பாதுகாப்புப் புவித்தகவல் ஆராய்ச்சி நிறுவனம். 1969-இல் மணாலியில் தொடங்கிய பனி, பனிச்சரிவு ஆய்வு அமைப்பு 2020-இல் இதனுடன் இணைந்தது. இன்ன மாவட்டத்தில் இத்தனை மீட்டருக்கு மேல் அடுத்த 24 மணி நேரத்துக்கு இன்ன ஆபத்து நிலை என்று வரும். ஜம்மு காஷ்மீர் பேரிடர் மேலாண்மை ஆணையம் அதை மக்களுக்குச் சொல்லும்.

அந்த எண்ணைப் படிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. ஐந்தில் மூன்று என்றால் நடுத்தரம், பரவாயில்லை என்று மனம் சொல்லும். ஆனால் ஆபத்து படிக்கு ஒரே அளவாக ஏறுவதில்லை, ஒவ்வொரு படியிலும் சில மடங்காகிறது. 4, 5 நிலைகளில் சாலையை மூடுவார்கள், மலைக்கு ஏற்றிச் செல்லும் கேபிள் காரான கோண்டோலாவை நிறுத்துவார்கள், பெரும்பாலானோர் வீட்டிலேயே இருப்பார்கள். 3 என்பது ஒரு தனி ஆளின் எடைக்கே பலகை விடக்கூடிய நிலை. ஆனால் வெளியே வானம் நீலமாக இருக்கும், புதுப்பனி இருக்கும், எல்லாம் திறந்திருக்கும். ஆல்ப்ஸ் மலைகளில் பொழுதுபோக்குக்காகப் போய் இறப்பவர்களில் பெரும்பங்கினர் 3-ஆம் நிலை நாட்களில்தான் இறக்கிறார்கள். புயல் ஓய்ந்து முதல் வெயில் அடிக்கும் நாளில், பனியின் மேல் சேர்ந்த புதுப்பாரம் இன்னும் அடங்கியிருக்காது. மனிதர்களின் ஆசையும் உச்சத்தில் இருக்கும். இந்த இரண்டும் ஒரே நாளில் சேர்வதுதான் சிக்கல்.

அமெரிக்காவில் இயன் மெக்கம்மன் 700-க்கும் மேற்பட்ட விபத்துகளை எடுத்து ஆராய்ந்தபோது, பயிற்சி பெற்றவர்களும் வெளிப்படையான அபாய அறிகுறிகளுக்கு நடுவிலேயே சரிவுக்குள் போயிருப்பதைக் கண்டார். பழகிய இடம் என்ற தைரியம், 'இவ்வளவு தூரம் வந்துவிட்டோம்' என்ற பிடிவாதம், குழுவில் மூத்தவர் போகிறார் என்ற நம்பிக்கை. குல்மார்க்குக்கு இது இன்னும் பொருந்தும். கோண்டோலாவில் ஏறினால் சற்று நேரத்தில் கிட்டத்தட்ட 4,000 மீட்டரில் இறங்கலாம். நடந்து ஏறியிருந்தால் வழியில் 'வும்' சத்தம் கேட்டிருக்கும், ஸ்கீயின் முனையிலிருந்து வெடிப்புகள் ஓடுவது தெரிந்திருக்கும், பக்கத்துச் சரிவில் நேற்று விழுந்த பனிச்சரிவின் தடம் கண்ணில் பட்டிருக்கும். கேபினுக்குள் உட்கார்ந்து போனால் பனி சொல்வது எதுவும் காதில் விழாது. ஒரு வாரம் விடுப்பில் பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து வந்திருப்பவருக்கு 'இன்று வேண்டாம்' என்று சொல்ல உள்ளூர் கைடுக்கும் தயக்கம் இருக்கும். அந்தத் தயக்கத்தை உடைக்க வேண்டியது பணம் கொடுக்கிற நாம்தான். 'வேண்டாம் என்று தோன்றினால் சொல்லுங்கள், பணம் குறைக்க மாட்டோம்' என்று முதல் நாளே சொல்லிவிட்டால் பாதி நெருக்கடி போய்விடும்.

சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் கேதார்காந்தா மாதிரியான குளிர்கால ட்ரெக்குகளுக்குப் போகிறவர்கள் இப்போது நிறைய. வழக்கமான பாதைகளின் பெரும்பகுதி 30 டிகிரிக்குக் கீழேதான். ஆனால் படத்துக்காகப் பாதையை விட்டு விலகி ஏறுகிற அந்தச் சின்னச் சரிவு எத்தனை டிகிரி என்று யாரும் பார்ப்பதில்லை. கைப்பேசியிலேயே சாய்வுமானி இருக்கிறது. கூடாரம் போடும் இடத்துக்கு மேலே என்ன சரிவு இருக்கிறது, கடைசியாகக் கனமான பனி விழுந்து எத்தனை நாள் ஆயிற்று, டிஜிஆர்இ எச்சரிக்கையைக் காலையில் யார் பார்க்கிறார்கள், எத்தனை மண்வாரி எடுத்து வருகிறார்கள் என்று ட்ரெக் நடத்துகிறவரிடம் கேட்கலாம். பதில் தெளிவாக வரவில்லையென்றால் வேறு நிறுவனம் பார்ப்பதே நல்லது.

மாவட்டத்துக்கு ஒரு எண் என்பது தொடக்கம்தான். ஒரே மாவட்டத்தில் வடக்குச் சரிவும் தெற்குச் சரிவும் வேறு வேறு. கொலராடோவில் பனிச்சரிவுத் தகவல் மையம், சறுக்கப் போன சாதாரண மனிதர்கள் பார்த்த வெடிப்பு, கேட்ட சத்தம், தோண்டிய குழி எல்லாவற்றையும் வாங்கிப் பொதுவில் வெளியிடுகிறது. சுவிட்சர்லாந்தின் தாவோஸில் உள்ள நிறுவனம் குளிர்காலத்தில் ஒரு நாளைக்கு இரண்டு முறை அறிக்கை தருகிறது. எந்தத் திசைச் சரிவில், எந்த உயரத்துக்கு மேல், எந்த வகைப் பலவீனமான அடுக்கு என்பது வரை அதில் இருக்கும். குல்மார்க்கிலும் தினமும் மலையில் நிற்கும் ரோந்துக் குழு இருக்கிறது, தலைமுறையாகச் சரிவுகளை அறிந்த கைடுகள் இருக்கிறார்கள், எல்லைக் காவல் நிலைகளில் ராணுவம் இருக்கிறது. இவர்கள் கண்ணால் பார்ப்பது அன்று மாலையே ஒரே இடத்தில், உருதுவிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும், யார் வேண்டுமானாலும் படிக்கும்படி பதிவாக வேண்டும். வறண்ட ஜனவரியில் மேலே மிஞ்சிய பனி உதிரியாகிக்கொண்டிருக்கிறது என்ற செய்தி, பிப்ரவரிப் பனி விழுவதற்கு முன்பே, டிக்கெட் வாங்குகிறவருக்குப் போய்ச் சேர அதுவே வழி.